காடு கற்பிக்கும் மின்சாரப் பாடம்

2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களையும் வட இந்தியாவில் வாழும் நம்மவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். முதல் நாள் அதிகாலை இரண்டரை மணிக்கு வட மண்டல மின் தொகுப்பு முழுவதும் சரிந்தது. தில்லி, பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் எல்லாம் இருளில் மூழ்கின. பகலெல்லாம் பாடுபட்டு மின்சாரத்தைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். மறுநாள் பிற்பகல் ஒரு மணி அளவில் மீண்டும் அதே கதை. இம்முறை வடக்கோடு கிழக்கு, வடகிழக்கு மண்டலங்களும் சேர்ந்து சரிந்தன. சுமார் 62 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. நூற்றுக்கணக்கான ரயில்கள் வழியில் நின்றன. தில்லி மெட்ரோ நின்றது. மேற்கு வங்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் லிஃப்ட் இயங்காமல் 200-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நிலத்துக்கடியில் சிக்கிக்கொண்டு, பிறகு நல்லவேளையாகப் பத்திரமாக வெளியே வந்தார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் புயலா, பூகம்பமா? இரண்டும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் பீனா என்ற ஊரிலிருந்து குவாலியர் வழியாக ஆக்ரா செல்லும் ஓர் உயரழுத்த மின்பாதை தானாகவே துண்டித்துக்கொண்டதுதான் தொடக்கம்.

ஒரு பாதை அறுந்தால் பாதி நாடு இருளுமா? அப்படியானால் காட்டில் ஒரு மரம் விழுந்தால் காடே ஏன் அழிவதில்லை? இந்தக் கேள்வியை விளையாட்டாக அல்ல, ஆராய்ச்சியாகவே கேட்ட அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதை நம் நாட்டு அனுபவத்தோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்று நடந்தது என்ன?

மின்சாரத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அரிசியைப் போல மூட்டை கட்டி அடுக்கி வைக்க முடியாது. எந்த நொடியில் எவ்வளவு தேவையோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டும் நாடிதான் அதிர்வெண். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். தேவை மிகுந்தால் நாடி இறங்கும். உற்பத்தி மிகுந்தால் ஏறும். அளவுக்கு மீறி இறங்கினால் மின் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாக விலகிவிடும். விலக விலகப் பற்றாக்குறை பெருகும். சீட்டுக்கட்டு வீடு சரிவது போலத்தான்.

அந்த ஜூலையில் வடக்கே மழை பொய்த்து வெயில் வாட்டியது. வட மாநிலங்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்டதைவிட அதிகமாக இழுத்தன. மேற்கு மண்டலத்தில் மின்சாரம் மிஞ்சிக் கிடந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த வழிகள் பல, பராமரிப்புக்காகவும் தரம் உயர்த்தும் பணிக்காகவும் மூடப்பட்டிருந்தன. எஞ்சிய பீனா - குவாலியர் - ஆக்ரா பாதையின் தலையில் முழுச் சுமையும் ஏறியது. அதைக் காக்க வைத்திருந்த ரிலே என்னும் காவல் கருவி, மிகுதியான சுமையைப் பார்த்து எங்கோ பழுது என்று எண்ணிப் பாதையைத் துண்டித்துவிட்டது. உண்மையில் பழுது எதுவும் இல்லை. மேற்கிலிருந்து வந்த மின்சாரம் உடனே கிழக்கு மண்டலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வடக்கே போக முயன்றது. அந்த நீண்ட சுற்றுப்பாதை தாங்காமல் அறுந்தது. வடக்கு தனித்து நின்றது, சரிந்தது. மறுநாள் அறுந்த இடம் வேறு. கிழக்கு மண்டலம் வடக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே அதுவும் கூடவே விழுந்தது.

அதிர்வெண் இறங்கும்போது சில பகுதிகளின் இணைப்பைத் தானாகவே துண்டித்து மற்றவற்றைக் காக்கும் கருவிகளும் இருந்தன. அவை வேண்டிய அளவு வேலை செய்யவில்லை என்பதை விசாரணைக் குழு பிறகு எடுத்துச் சொன்னது.

முதலையின் மூன்று வழிகள்

அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் உலனோவிச் என்ற சூழலியல் அறிஞர், உயிரினங்களிடையே உணவு எப்படிக் கைமாறுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர். அவர் எடுத்துக்கொண்ட ஓர் உதாரணம் தெற்கு ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலக் காடு. அங்கே இறாலில் உள்ள சத்து முதலையைச் சென்றடைய மூன்று வழிகள்: மீன் வழியாக, ஆமை வழியாக, பாம்பு வழியாக. மூன்றும் ஒரே அளவு திறமையானவை அல்ல. ஒன்றில் நஷ்டம் குறைவு, மற்றதில் அதிகம்.

நம்மூர் வியாபாரி ஒருவரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் என்ன சொல்வார்? லாபமான ஒரு வழியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மூடிவிடலாம் என்பார். இயற்கை அப்படிச் செய்யவில்லை. லாபமான வழி ஒரு நோயினால் அழிந்தாலும், மற்ற இரண்டும் சற்றுப் பெருத்து முதலையின் வயிற்றை நிரப்பிவிடும். முற்றிலும் சிக்கனமான அமைப்பு எளிதில் முறியும்; முற்றிலும் தாராளமான அமைப்பு எதையும் உருப்படியாகச் செய்யாமல் தேங்கும். நெடுநாள் நிலைத்த இயற்கை அமைப்புகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்கின்றன என்பது உலனோவிச்சின் முடிவு.

இதே கணக்கை மின் தொகுப்புக்குப் பொருத்திப் பார்த்தார்கள் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2019-இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், மாதிரி மின் தொகுப்புகளை உணவு வலையின் விகிதத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்தபோது, பாதைகள் அறுந்தாலும் மற்றவை சுமை தாங்காமல் தவிப்பது குறைந்தது. ஆனால் அதற்கு இணைப்புகள் கூடுதலாகத் தேவைப்பட்டன. அதாவது பணம் தேவைப்பட்டது. இயற்கையும் இந்த விலையைக் கொடுத்துத்தான் பாதுகாப்பை வாங்குகிறது.

மின் பொறியாளர்களுக்கு இது புதிதல்ல. எந்த ஓர் உறுப்பு பழுதானாலும் மற்றவை தாங்க வேண்டும் என்பது அவர்களது பால பாடம். 2012 ஜூலையில் அந்தப் பாடம் மீறப்பட்டிருந்தது. முதலைக்குப் போகும் மூன்று வழிகளில் இரண்டு மூடப்பட்டிருந்தன என்று சொன்னால் மிகையில்லை.

அரச இலையின் சல்லடை

நம்மில் பலர் பள்ளி நாட்களில் அரச இலையைப் புத்தகத்துக்குள் பதுக்கி வைத்திருப்போம். ஊற வைத்துச் சதையை நீக்கினால் நரம்புகள் மட்டும் சல்லடையாக நிற்கும். அதைச் சற்று உற்றுப் பாருங்கள். பெரிய நரம்பிலிருந்து சிறிய நரம்புகள் பிரிவதோடு நின்றுவிடவில்லை. அவை மீண்டும் ஒன்றோடொன்று கூடிக் கட்டம் கட்டமாக வளையங்கள் ஆகின்றன. நீரைக் கொண்டு செல்ல மட்டும் என்றால் கிளை பிரிவதே போதும்; வளையம் வீண் செலவு. பிறகு ஏன் இது?

2010-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குக் கணித விடை கண்டார்கள். நரம்பு அறுபடும் அபாயமும், இடத்துக்கு இடம் தேவை மாறும் நிலையும் இருந்தால், வளையங்கள் கொண்ட அமைப்பே சிறந்தது. எலுமிச்சை இலையின் நடு நரம்பில் ஓட்டை போட்டுச் சாயம் செலுத்தினால், சாயம் ஓட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது. வளையமில்லாத கிங்கோ இலையில் அப்படி நடப்பதில்லை. அறுந்த இடத்துக்கு அப்பால் வறட்சிதான்.

நம் தெருக்களிலும் இரண்டு வகையும் உண்டு. கிராமத்துக்குப் போகும் மின்பாதை பெரும்பாலும் கிங்கோ வகை. ஒரே வழி, நடுவில் கம்பத்தில் கிளை விழுந்தால் கடைசி வீடு வரை இருட்டு. பெரு நகரங்களில் வளையம் போடுகிறார்கள். தில்லியைச் சுற்றி 400 கிலோவோல்ட் வளையம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கமாக மின்சாரம் வரலாம். ஊரிலிருக்கும் அண்ணன் வீட்டில் நாள் முழுவதும் கரண்ட் இல்லை, நகரத்தில் தம்பி வீட்டில் ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டது என்றால், அதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

உறவு மிகுந்தால் பலமா?

வழிகள் பல வேண்டும் என்றோம். அப்படியானால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்துவிட்டால் போதுமா? இங்கேதான் ஒரு திருப்பம். பௌதிகம் படித்துச் சூழலியலுக்கு வந்த ஆஸ்திரேலியர் ராபர்ட் மே, 1972-இல் சிறிய கட்டுரை ஒன்று எழுதினார். உறுப்புகளும் இணைப்புகளும் கண்டபடி பெருகினால் ஓர் அமைப்பின் நிலைத்தன்மை கூடாது, குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் அவையே சிறு சிறு குழுக்களாக, குழுவுக்குள் நெருக்கமாகவும் குழுக்களுக்கிடையே அளவோடும் இணைந்திருந்தால் தப்பிக்க வழியுண்டு என்றும் குறிப்பிட்டார்.

2012 ஜூலை 31 இதற்குச் சாட்சி. கிழக்கு மண்டலம் முழுவதும் சரிந்தபோது கொல்கத்தா நகருக்கு மின்சாரம் வழங்கும் அமைப்பு தன் சொந்த நிலையங்களோடு தனித் தீவாகப் பிரிந்து தப்பித்தது. வடக்கே நரோரா அணுமின் நிலையத்தைச் சுற்றி ஒரு சிறு தீவு உயிரோடு இருந்தது. இந்தத் தீவுகள் தாமும் பிழைத்தன. மற்றவற்றை எழுப்பவும் உதவின.

தென்னகமும் அன்று தப்பித்தது. காரணம், அப்போது தென் மண்டலம் மற்ற மண்டலங்களோடு நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே கோக்கப்பட்டிருந்தது. அது மதகு வைத்த வாய்க்கால் மாதிரி. வேண்டிய அளவு திறக்கலாம். பக்கத்து ஏரி உடைந்தாலும் வெள்ளம் உள்ளே புகாது. ஆனால் மதகுக்கு மறுபக்கமும் உண்டு. அதே 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்தது. கோவைப் பட்டறைகளும் திருப்பூர் பனியன் தொழிலும் பட்ட பாட்டை நம் உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிற மண்டலங்களில் மின்சாரம் மிஞ்சிய நேரத்திலும் போதிய வழியின்றி அதைக் கொண்டு வர முடியவில்லை. தனித்திருப்பது பாதுகாப்பு, பட்டினியும் கூட.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னகம் மற்ற மண்டலங்களோடு இணைந்தது. அன்று முதல் காஷ்மீர் முதல் குமரி வரை ஒரே நாடித் துடிப்பு. அதன் பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 6,000 மெகாவாட் கொள்ளளவுள்ள நேர்மின்னோட்டப் பாதை 2021-இல் தொடங்கி வைக்கப்பட்டது. தேவையானபோது மின்சாரம் தெற்கே வரும். காற்றுக் காலத்தில் நம் காற்றாலை மின்சாரம் வடக்கே போகும். இணைப்பும் உண்டு, மதகும் உண்டு. இந்த இரண்டும் கலந்திருப்பதுதான் காட்டின் இலக்கணத்துக்கு நெருக்கமானது.

பலவகை மரங்கள்

ஒரே மரம் நட்ட தோப்பைவிடப் பல மரம் வளர்ந்த காடு பூச்சியையும் பஞ்சத்தையும் நன்றாகத் தாங்கும். மின்சாரத்தில் இதன் பொருள், வெவ்வேறு குணமுள்ள நிலையங்கள் வேண்டும் என்பதே. நிலக்கரி நிலையம் யானை மாதிரி. பலம் அதிகம், திரும்புவது மெதுவாக. நீர்மின் நிலையம் மான் மாதிரி. நிமிடங்களில் ஏறும், இறங்கும்.

2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு, கொரோனா ஊரடங்கின்போது, நாடெங்கும் ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்து அகல் ஏற்றியது நினைவிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் தேவை குறைந்தது. பிறகு திரும்பவும் ஏறியது. தொகுப்பு தாங்கியதற்கு முக்கியக் காரணம் நீர்மின் நிலையங்கள். அவை மட்டும் 17,000 மெகாவாட்டுக்கும் மேல் இறங்கி ஏறின. யானைகளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும்?

2025 தொடக்கத்தில் நம் நாட்டின் சூரிய மின் திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் சூரியன் மாலையில் போய்விடும். நம் வீடுகளில் விளக்கும் ஏ.சி.யும் அப்போதுதான் விழித்துக்கொள்ளும். இன்னொரு சங்கதியும் உண்டு. தையல் மெஷினிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரம் சில சுற்று சுற்றும் அல்லவா? மின் நிலையங்களின் கனத்த டர்பைன்களும் அப்படித்தான். ஏதாவது பழுது நேர்ந்தால் அந்தச் சுழற்சி சில நொடி அவகாசம் தரும். சூரியத் தகட்டில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே அதற்கு ஈடாக பேட்டரிகளும் நீரேற்று நிலையங்களும் வேண்டியிருக்கிறது. மிஞ்சிய நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவையான நேரத்தில் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கும் கோவை மாவட்டத்துக் காடம்பாறை நிலையமும் (400 மெகாவாட்) மேற்கு வங்கத்துப் புருலியா நிலையமும் (900 மெகாவாட்) இந்த வகை. மரம் கோடைக்காக வேரில் சத்தைச் சேர்த்து வைப்பதைப் போன்றது இது.

அமைதியில் வளரும் ஆபத்து

கனடா நாட்டவரான சி.எஸ். ஹாலிங் 1973-இல் எழுதிய கட்டுரை சூழலியலில் ஒரு மைல்கல். அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று கனடாவின் ஊசியிலைக் காடுகளைத் தின்னும் ஒரு புழு. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அது பெருகி மரங்களை அழிக்கும். காடு மீண்டும் புதிதாக வளரும். 1950-களில் மருந்து தெளித்துப் புழுவை அடக்கினார்கள். மரங்கள் பிழைத்தன. ஆனால் காடு முழுவதும் ஒரே வயதுக் கிழட்டு மரங்களாக, புழுவுக்கு விருந்தாக நின்றது. அதனால் மருந்தை நிறுத்தவே முடியாத நிலை வந்தது. வெளியே அமைதி, உள்ளே ஆபத்து. ஆடாமல் நிற்பது வேறு, ஆடினாலும் விழாமல் நிற்பது வேறு என்பது ஹாலிங் தந்த பாடம்.

2020 அக்டோபர் 12 காலை பத்து மணி அளவில் மும்பை இருண்டபோது இதை நாம் கண்ணெதிரே பார்த்தோம். வெளியிலிருந்து வரும் பாதைகள் அறுந்தால் நகரைத் தனித் தீவாகப் பிரித்துக் காக்கும் திட்டம் அங்கே பல ஆண்டுகளாக இருந்தது. முன்பு பலமுறை காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் அன்று நகரின் தேவையை ஈடுகட்டும் அளவு உற்பத்தி நகருக்குள் ஓடிக்கொண்டிருக்கவில்லை. லோக்கல் ரயில்கள் நின்றன; மருத்துவமனைகள் ஜெனரேட்டரை நம்பின. காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பு போதாது. அதற்கு அவ்வப்போது பயிற்சியும் சோதனையும் வேண்டும்.

எரிந்த காடு எழுவது போல

எரிந்த காட்டில் முதலில் முளைப்பது தேக்கு அல்ல, புல். பிறகு புதர், அதன் நிழலில் மரம். முழுவதும் இருண்ட தொகுப்பை எழுப்புவதும் இதே வரிசைதான். பெரிய அனல் நிலையம் தன் மோட்டார்களையும் பம்புகளையும் ஓட்டவே மின்சாரம் கேட்கும்; வெளியிலிருந்து கிடைக்காமல் அதனால் எழ முடியாது. அணைக்கட்டு நீர்மின் நிலையமோ ஒரு சிறு டீசல் ஜெனரேட்டர் இருந்தால் எழுந்துவிடும். அது எழுந்து பக்கத்து அனல் நிலையத்துக்குக் கைகொடுக்கும். அவை சிறு தீவுகளாகி, தீவுகள் ஒரே துடிப்புக்கு வந்து ஒன்றோடொன்று சேரும். அவசரப்பட்டு ஒரேயடியாகச் சுமையை ஏற்றினால் மறுபடி விழும். கரண்ட் எப்போது வரும் என்று நாம் பொறுமை இழக்கும் நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் நடப்பது இதுதான்.

உவமை எங்கே நிற்கிறது?

காட்டை அப்படியே பின்பற்றலாமா? கூடாது. காட்டில் பலவீனமானது மடியும். அதைப் பற்றிக் காடு கவலைப்படுவதில்லை. மின் தொகுப்பிலும் மொத்தத்தைக் காக்க ஒரு பகுதியைத் துண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பகுதியை? இது பொறியியல் கேள்வி மட்டுமல்ல, நியாயக் கேள்வி. ஒவ்வொரு முறையும் அதே கிராமமும் அதே குடிசைப் பகுதியும் துண்டிக்கப்பட்டால், அது இயற்கையின் விதியல்ல, மனிதரின் முடிவு. பாதுகாப்புக்காகக் கூடுதல் பாதை, கூடுதல் நிலையம் வைத்தால் செலவு நம் மின் கட்டணத்தில்தான் வந்து சேரும். அதை யார் எவ்வளவு ஏற்பது என்பதையும் காடு சொல்லித் தராது. நாம்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

நம் வீட்டு அளவில்

நம்மில் பலர் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறோம். கூரையில் சூரியத் தகடு பொருத்த 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. வீடு ஒன்றுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மத்திய மானியம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண இணைப்பில், தெருவில் மின்சாரம் போனால் உங்கள் சூரிய மின்சாரமும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் மீது மின்சாரம் பாயாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. வெளியே இருட்டானாலும் உங்கள் வீடு தீவாக ஒளிர வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் வேண்டும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் சில கேள்விகள் கேட்கலாம். ஜெனரேட்டரைக் கடைசியாக எப்போது சுமையோடு ஓட்டிப் பார்த்தார்கள்? மின்சாரம் போனால் லிஃப்ட் பக்கத்து மாடியில் வந்து நின்று கதவைத் திறக்குமா? பம்பு ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் எத்தனை மணி நேரம் தாங்கும்? ஆக்ஸிஜன் கருவியோடு இருக்கும் பெரியவர் எந்த வீட்டில் என்று காவலாளிக்குத் தெரியுமா? தண்ணீர் ஏற்றுவது, துணி துவைப்பது ஆகியவற்றைப் பகலுக்கு மாற்றினால் மாலை நேரச் சுமையும் கொஞ்சம் குறையும்.

நம் பாட்டிமார் அடுத்த அறுவடை வரும்வரை குதிரில் கொஞ்சம் நெல் மிச்சம் வைப்பார்கள். அதை யாரும் வீண் என்று சொன்னதில்லை. மின்சாரத்திலும் மிச்சம் வைத்தல், மாற்று வழி வைத்தல், தனித்து நிற்கவும் சேர்ந்து நிற்கவும் பழகுதல் ஆகிய மூன்றும் வீணல்ல. மின் பொறியியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தோடு ஓர் அரச இலையையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். நாளைய மின்பாதைகளை வரையப் போகிறவர்கள் அவர்கள்தானே!